நான் இந்தியாவைத் தோற்கடித்த நாள்

தலைகீழாக நிறுத்தி வைத்த சைக்கிளின் பெடலை ராமையா கையால் சுற்றிக்கொண்டிருக்கிறார். பின்சில்லு விர்ரென்று ஓடுகிறது. ரயரோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டு என் மடியில் இருக்கும் ரேடியோவுக்கு வருகின்றன. சைக்கிள் மீன் வியாபாரி சவிரிமுத்துவுடையது. கரியரில் காய்ந்து ஒட்டியிருந்த செதில்கள் சில்லு சுற்றும் அதிர்வில் ஒவ்வொன்றாகச் சீமெந்துத் தரையில் உதிர்கின்றன.

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த நேரம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் எப்போதாவது போத்தல் கணக்கில் கிடைக்கும் காலம். வட்டக்கச்சியில் டீசல் இல்லாமல் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் நெல் காயப்போடும் தளத்தில் இருபது பேர் வரையில் குந்தியிருக்கிறோம். எங்கோ ஒரு பாலைவன நகரத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருநாள் ஆட்டம் ஆடுகின்றன. கடைசி ஓவர். இந்தியாவுக்கு எட்டு ஓட்டங்கள் தேவை. கையில் இரண்டு விக்கெட்.

"என்னங்க மாஸ்டர் நடக்குது? சொல்லுங்க மாஸ்டர்!" என்று மூச்சு வாங்கக் கேட்கிறார் ராமையா. வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது. துடைக்கக் கையில்லை. கையை எடுத்தால் ரேடியோ செத்துவிடும்.

ரேடியோவின் ஒலிபெருக்கி பாதி பழுது. காதோடு அணைத்து வைத்தால்தான் குரல் கேட்கும். வர்ணனை ஆங்கிலத்தில். அந்தத் தளத்தில் அது விளங்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் மற்றவர்களின் பிழைகளைத்தான் அதிகம் எழுதி வந்திருக்கிறேன். அதிபர்கள், அதிகாரிகள், உறவினர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இந்தக் கிழமை என்னுடைய முறை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறொன்றையும் மாற்றவில்லை.

இரண்டு கட்சிகள்

எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கிரிக்கெட் அணி இருக்கவில்லை. இலங்கை அணி ஆடும்போது ஆலைத் தளத்தில் ஒருவித மௌனம் இருக்கும். கேட்பார்கள், கை தட்டமாட்டார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் நாளில்தான் எல்லோருக்கும் வாய் திறக்கும். மற்றவர்களின் சண்டையில் சத்தம் போடுவது எவ்வளவு ஆறுதல் என்பதை அப்படியான காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

பாகிஸ்தான் கட்சிக்குத் தலைவர் சவிரிமுத்து. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கர். விடியப் புறப்பட்டு மீன்பெட்டியோடு சைக்கிளில் எங்கள் பக்கம் வருவார். பாகிஸ்தான் அவருக்கு என்ன உறவு என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்கள் போடுற பந்து எங்கட கடல் மாதிரி மாஸ்டர். நேரை வாற மாதிரிக் கிடக்கும், கிட்ட வந்து வளையும்" என்றார்.

இந்தியாக் கட்சிக்குத் தலைவர் ராமையா. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபதுகளில் மலைநாட்டில் தமிழர் வீடுகள் எரிந்தபோது மனைவியோடு வன்னிக்கு வந்து, எங்கள் வாய்க்காலுக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடிசை போட்டவர். மலைநாட்டிலிருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் 'தோட்டக்காட்டார்' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்லாததைப் பெரிய பண்பாக நினைத்திருந்தேன்.

அந்த ரேடியோ அவருடையது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பன் வாங்கியது. பழுப்புத் தோல் உறை போட்டது. கலவரத்தில் ஓடி வரும்போது கொண்டுவந்த பொருள் அது ஒன்றுதானாம். தகப்பன் இறந்த பிறகு தாய், தம்பி முருகேசுவோடு தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அப்பாவின் ரேடியோவை அண்ணன் எடுத்துப் போய்விட்டான் என்று முருகேசுவுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. ராமையா சிரித்துக்கொண்டு அதை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தளத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். எந்த அணி துடுப்பெடுத்து ஆடுகிறதோ, அந்தக் கட்சிதான் பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் ரேடியோ முனகும். அந்த நேரம் பார்த்து ஒரு விக்கெட் விழுந்தால் சுற்றியவனுக்குப் பேச்சு விழும். "நீ சுத்தின சுத்துக்குத்தான் அவன் அவுட்" என்பார்கள். அதைப் பலர் உண்மையாகவே நம்பினார்கள். ஆட்டம் இறுகும்போது தலைவரே இறங்கிச் சுற்ற வேண்டும் என்பதும் எழுதாத விதி.

நான் எந்தக் கட்சி? பொதுவான ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் பாகிஸ்தான். இந்திய இராணுவம் இங்கே இருந்த காலத்தில் சந்தைக்குப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. அதன் பிறகு இந்தியா எதில் தோற்றாலும் எனக்குள்ளே ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்காரும்.

ஆறு பந்துகள்

அன்றைக்குப் பாகிஸ்தான் ஆடி முடித்த இடைவேளையில் வாய்ச் சண்டை முற்றிவிட்டது. சவிரிமுத்து கொம்பு சீவினார்.

"ராமையா அண்ணை, உங்கட ஆக்கள் இதை அடிச்சு முடிச்சால் நான் ஒரு மாதம் பாரை மீன் சும்மா தாறன்."

"ஒங்க மீனு யாருக்கு வேணும்? மாஸ்டர் பாகிஸ்தான் ஆளுன்னு எனக்குத் தெரியும். அவர் வரட்டும் பந்தயத்துக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒளித்து வைத்திருந்த ஒன்றை அவர் இவ்வளவு லேசாக எடுத்துப் போட்டது எனக்குச் சுட்டது.

"வாறன். என்ன வைக்கிறீர்?" என்றேன்.

"இந்த ரேடியோவ வைக்கிறேன். நீங்க ஒங்க சைக்கிள வைங்க."

அந்தக் காலத்தில் வன்னியில் சைக்கிள் என்றால் என்னவென்று இளம் வாசகர்களுக்கு விளங்குமோ தெரியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விறகு, அரிசி எல்லாம் அதில்தான். ஆனாலும் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி" என்று விட்டேன்.

கடைசி ஓவரின் முதல் பந்தில் ஓர் ஓட்டம். அதை உண்மையாகவே சொன்னேன். இரண்டாவது பந்து நான்கு. வர்ணனையாளரின் குரல் உடைந்து மேலே போனது. அரங்கின் இரைச்சல் என் காதுக்குள் மணல் போலக் கொட்டியது. இந்தியாவுக்கு நான்கு பந்தில் மூன்று ஓட்டங்கள் போதும்.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு சிறு அதிகாரம் உண்டு. என்ன நடந்தது என்பது மூன்று விநாடிக்கு அவனுக்கு மட்டுமே தெரியும். அந்த மூன்று விநாடியும் எல்லா முகமும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்ன மாஸ்டர், என்ன சத்தம்?"

"அவுட்," என்றேன்.

சவிரிமுத்து துள்ளி எழுந்தார். ராமையா சுற்றுவதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினார். ரேடியோ முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு பேசியது. அடுத்த பந்தில் இரண்டு ஓட்டங்கள். நான் "ஓட்டமில்லை" என்றேன். அதற்கடுத்த பந்தில் ஓர் ஓட்டம் ஓடி இந்தியா வென்றது. நான் இன்னொருவனையும் ஆட்டமிழக்கச் செய்தேன். நடுத்தடி தெறித்து விக்கெட் காப்பாளரின் காலடியில் விழுந்தது என்றுகூடச் சொன்னேன். பிறகு ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றேன்.

அவர் சுற்றித் தந்த மின்சாரத்தில் வந்த வெற்றியை அவருக்கே தோல்வியாகச் சொன்னேன்.

தம்பிக்காகச் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். அந்த மூன்று விநாடியில் தம்பி நினைவுக்கு வரவேயில்லை. வந்தது சைக்கிள். அதைவிட முன்னால் வந்தது, ஒரு தோட்டக்காட்டானிடம் இருபது பேர் முன்னிலையில் தோற்பதா என்ற எண்ணம்.

ராமையா நிமிர்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்தார். டைனமோ வயர்களைத் தானே கழற்றினார். தோல் உறையின் பொத்தானைப் பூட்டி, ரேடியோவை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"நல்லா வச்சிக்கங்க மாஸ்டர். வலது பக்கக் குமிழ் கொஞ்சம் லூசு."

ஒருவரும் கேட்கவில்லை

கொழும்புப் பத்திரிகைகள் பழசாகித்தான் எங்களிடம் வரும். எப்படியும் உண்மை வந்து சேரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "இரைச்சலில் பிழையாகக் கேட்டுவிட்டது" என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சவிரிமுத்து மட்டும் ஒருநாள் மீனை நிறுத்துத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கட இங்கிலீசு கொஞ்சம் பாகிஸ்தான் இங்கிலீசு மாஸ்டர்," என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. ராமையாவுக்குத் தெரியுமோ என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் ஆலைத் தளத்துக்கு வருவதை விட்டுவிட்டார். கிரிக்கெட் பற்றி அதன் பிறகு அவர் கதைத்து நான் கேட்கவில்லை.

ஒரு காலை என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மாஸ்டர், ஒரு ஒதவி. மத்தியானம் மரண அறிவித்தல் வாசிப்பாங்கள்ல, அத மட்டும் கேட்டு வைக்கிறீங்களா? அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு தம்பி எழுதியிருந்தான். கடிதம் வந்து சேர மூணு மாசம் ஆவுது. ஏதும் நடந்தா ரேடியோவுல குடுக்கிறேன்னு சொல்லியிருக்கான். எங்க பேர் எதுவும் வந்தா தவமணிகிட்ட சொல்லி அனுப்புங்க."

தவமணி அவருடைய மகள். அப்போது என் வகுப்பில் இருந்தாள்.

இந்த இடத்தில் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டி வரும். "ஓம், கட்டாயம் கேட்டு வைக்கிறன்" என்றேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் கேட்டேன். மத்தியான வெயிலில் சைக்கிளைத் தலைகீழாக்கி, மனைவி சுற்ற நான் காதை வைத்திருப்பேன். 'காலமானார்' என்று தொடங்கி, ஊர், உறவு, மூத்தவரை முதலாக வைத்துப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாகப் போய் 'அன்னாரின் பூதவுடல்' என்பதில் முடியும். மனைவிக்குக் கை நொந்தது. பிறகு நானே விட்டுவிட்டேன். யுத்தத்தையோ தடையையோ சாட்ட எனக்கு வழியில்லை. பஞ்சிதான், வெறும் சோம்பல்தான் காரணம். அந்த ரேடியோவைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. அலுமாரிக்கு மேல் துணி போட்டு மூடி வைத்தேன்.

நான்கு மாதம் இருக்கும். ராமையா ஒரு கடிதத்தோடு வந்தார். மொட்டை அடித்திருந்தார். தாய் இறந்து, பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. முருகேசு எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்.

'ரேடியோவில் மூன்று தரம் சொல்ல வைத்தோம். மூத்த மகன் வந்து முகம் பார்ப்பான் என்று ஒரு நாள் பிணத்தை வைத்துக்கொண்டு பார்த்திருந்தோம். கருமாதிக்காவது வருவாய் என்று நினைத்தோம். அப்பாவின் ரேடியோவை நீதானே எடுத்துக்கொண்டு போனாய். அதில்கூடவா கேட்கவில்லை?'

கடிதத்தை மடித்துவிட்டு ராமையா கேட்டார்:

"அந்த மாசம் கேட்டீங்களா மாஸ்டர்?"

"ஓம். கேட்டனான்."

"எல்லா நாளும் கேட்டீங்களா?"

"ஒரு நாளும் விடேல்லை. உங்கட பேர் ஒண்டும் வரேல்லை."

அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப அவன் குடுக்கவே இல்ல. குடுத்தேன்னு பொய் எழுதியிருக்கான். ரேடியோவ எடுத்துட்டு வந்த கோவத்துக்கு அம்மா சாவ எனக்கு மறைச்சிட்டான்."

நான் அதைத் திருத்தவில்லை. என் முதல் பொய்க்கு மூன்று விநாடி யோசித்தேன். இரண்டாவதுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரி வாங்கு

ரேடியோ யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், அலுமாரி, கதவு, கூரைத் தகடு எல்லாவற்றோடும் சேர்ந்து போனது. சவிரிமுத்துவும் அந்த நாட்களில் போனவர். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது. ராமையா குடும்பம் முகாமிலிருந்து திரும்பி வந்து, மகள் திருமணம் செய்த தர்மபுரத்தில் குடியேறியது. நான் பழைய காணிக்கே வந்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் பெரிய தூரமில்லை. நான் போகவில்லை.

அண்மையில் கிளிநொச்சியில் கண் காட்டப் போயிருந்தேன். இலக்கம் வரும்வரை சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் வந்து குனிந்து, "சேர், என்னைத் தெரியுதோ?" என்றாள். தவமணி. மருத்துவமாதுவாக வேலை செய்கிறாள்.

"நீங்கள் படிப்பிச்ச இங்கிலீசாலைதான் சேர் நான் சோதினை பாஸ் பண்ணினனான். பிள்ளையளுக்குச் சொல்லுறனான்," என்றாள்.

தகப்பனைப் பற்றிக் கேட்டேன்.

"அவருக்குச் சுகம். பிடிவாதம்தான் கூடிப்போச்சு. சித்தப்பான்ரை பேத்திக்குக் கலியாணம். கார்டிலை அப்பான்ரை பேரும் போட்டு அனுப்பியிருக்கினம். போகமாட்டாராம். அப்பம்மா செத்ததை மறைச்சவன்ரை வாசல் மிதிக்கமாட்டாராம். சித்தப்பாவுக்கும் ஏலாது சேர், டயலிசிஸ் செய்யினம். இனி எப்பப் பார்க்கிறது?"

என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். வைத்தியர் சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். உண்மையில் எழுத்துகளை நான் பார்க்கவேயில்லை.

அதன் பிறகு பத்து நாள் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழுந்து படலைக்குப் போவேன். படலையிலிருந்து கிணற்றடிக்கு. கடிதம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். தொலைபேசியில் சொல்லலாம் என்று நினைத்து, தவமணி தந்திருந்த இலக்கத்தை ஆறு ஏழு தரம் அமத்தி, மணி அடிக்கும் முன் துண்டித்தேன். "உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டா. அவாவுக்கும் நான் சொன்னதில்லை. வெயிலில் பெடல் சுற்றிய கை அவாவுடையது.

தர்மபுரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்கு வந்து முல்லைத்தீவு பஸ் ஏறினேன். அன்றைக்கு இந்தியா பாகிஸ்தான் ஆட்டம் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. எல்லார் கையிலும் போன். எல்லாப் போனிலும் அந்தப் பச்சைப் புல்.

"தாத்தா, நீங்கள் இந்தியாவோ பாகிஸ்தானோ?" என்று பக்கத்தில் இருந்த இளைஞன் கேட்டான்.

"நான் ஒரு பக்கமும் இல்லை தம்பி."

"அப்பிடிச் சொல்லுற ஆக்கள்தான் உள்ளுக்கை பாகிஸ்தான்," என்று அவன் தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தான்.

ராமையா வீட்டு முன் அறையில் தவமணியின் கணவனும் அயலவர்களும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். ராமையா பின் விறாந்தையில், அதற்கு முதுகு காட்டி, சாக்கு விரித்து விதைக்கச்சானின் கோதுடைத்து, கடலைப் பருப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"மாஸ்டரா! பஸ்சுலயா வந்தீங்க, இந்த வெயில்ல? தவமணி, யாரு வந்திருக்கான்னு பாரு! தேத்தண்ணி போடு!"

கதிரை வந்தது. நான் உடனே உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தேன்.

"ராமையா, நான் ஒண்டு சொல்ல வந்தனான். அண்டைக்கு ஆலையில கேட்ட மட்ச். இந்தியா தோற்கேல்லை. வெண்டது. நான் பொய் சொன்னனான்."

ராமையா ஒரு கச்சானை உடைத்துப் பருப்பைச் சுளகில் போட்டார். கோதை எறிந்தார்.

"அது தெரியுமே மாஸ்டர்."

"எப்ப தெரியும்?"

"ஒரு வாரத்துல தெரியும். சவிரிமுத்து பேப்பர கொண்டாந்து காட்டுனாரு. 'வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்'னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்? ஏன் கேக்கேல்லை?"

"எப்படிங்க கேக்கிறது? புள்ள ஒங்ககிட்ட படிச்சிக்கிட்டிருந்திச்சி. தோட்டத்துல இருந்து வந்தவன் வாத்தியார பொய்யன்னு சொன்னா ஊருல யாரு பக்கம் நிப்பாங்க? அவ படிக்கணும். ரேடியோதானே, போகட்டும்னு விட்டேன்." பிறகு சிரித்தார். "நடுத்தடி தெறிச்சி காலடியில விழுந்திச்சின்னு சொன்னீங்க பாருங்க, அதான் மாஸ்டர் ரொம்ப நல்லாயிருந்திச்சி."

முன் அறையில் ஒரே கூச்சல். யாரோ ஆறு அடித்திருக்க வேண்டும்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்.

இங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஒரு மன்னிப்புக் கிடைத்தாயிற்று. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பி, நன்றாக நித்திரை கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், என் கை கதிரைச் சட்டத்தைப் பிடித்து எழும்ப ஆயத்தமாகிவிட்டது.

"அது இல்லை. மற்றது," என்றேன். "மரண அறிவித்தல். நான் கேக்கேல்லை."

அவர் கை நின்றது.

"முதல் மூண்டு கிழமை கேட்டன். பிறகு விட்டிட்டன். உங்கட அம்மா செத்த மாதம் ரேடியோவை அலுமாரியால இறக்கவே இல்லை."

"கேட்டேன்னு சொன்னீங்களே."

"ஓம்."

"ஒரு நாளும் விடலன்னு சொன்னீங்களே. நான் ரெண்டு தரம் கேட்டேனே மாஸ்டர்."

"ஓம். ரெண்டு தரமும் பொய்தான் சொன்னனான்."

ராமையா என்னைப் பார்க்கவில்லை. சுளகைப் பார்த்தார். அவருடைய உதடுகள் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் அசைந்தன.

"அப்ப முருகேசு குடுத்திருக்கான்," என்றார். சொல்லிவிட்டு, அது சரியா என்று பார்ப்பதுபோல் இன்னொரு தரம் சொன்னார். "அப்ப அவன் குடுத்துத்தான் இருக்கான்."

நிமிர்ந்தபோது தவமணி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. தட்டைத் தரையில் வைத்தாள். "சேர்" என்றாள்.

"தவமணி, அந்தப் போன எடு. சித்தப்பாவுக்குப் போடு," என்றார் ராமையா.

மணி அடித்தது. அவர் காதில் வைத்தார். அங்கே எடுக்கும் சத்தம் கேட்டதும் சட்டென்று கையை நீட்டிப் போனை என்னிடம் தந்தார்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவன் நம்பமாட்டான். ரொம்ப மோசமா எழுதிப்புட்டேன் அவனுக்கு."

"அலோ? யாரு?" என்றது ஒரு களைத்த குரல். குரலுக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சி. இங்கே முன் அறையில் எழுந்து அடங்கிய அதே ஆரவாரம், ஒரு விநாடி பிந்தி, மஸ்கெலியாவிலிருந்து என் காதுக்குள் வந்தது.

நான் யார் என்று சொன்னேன். ரேடியோ என்னிடம் எப்படி வந்தது என்று சொன்னேன். அறிவித்தலைக் கேட்டு வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததை, கேட்காததை, கேட்டதாகச் சொன்னதை, ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னேன். யாரோ அங்கே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். முடித்த பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கிறார்."

"அவருகிட்ட குடுங்க."

கொடுத்தேன். ராமையா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முருகேசு," என்றார். "எனக்குத் தெரியாதுடா." பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். "அதுல என் பேர சொல்லச் சொன்னியா?"

மறுமுனையில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தவமணி தகப்பனின் தோளில் கையை வைத்தாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

"மொத பேராவா?" என்றார் ராமையா.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறாந்தையிலிருந்து இறங்கினேன். பின்னால் அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு தரமும், என் பேரையா மொதல்ல சொன்னாங்க?"